வீரம்மா புத்தகத்தின் மூன்றாம் பக்கம்

கேரி தீவிலிருந்து பஸ் பிடித்துக் கிள்ளானுக்கு வந்து, அங்கிருந்து ரயிலேறிப் பிரிக்பீல்ட்ஸில் இறங்கி, எங்கள் நூலகக் கவுன்டரில் கைப்பையை வைத்து, "தம்பி, நான் செத்துட்டேனாம். இங்கேருந்துதான் சேதி போயிருக்காம்" என்றார் வீரம்மா.

கூடவே ஒரு கடிதத்தையும் நீட்டினார். கிள்ளானில் நடக்கும் வாசிப்பு வாரத்துக்குப் பன்னிரண்டு பள்ளிகள் சேர்ந்து அவருடைய 'உதிரிப் பழம்' நூலைத் தேர்ந்தெடுத்திருந்தன. அதுவரை நல்ல சேதிதான். அடுத்த வரியில், மறைந்த எழுத்தாளரின் குடும்பத்தார் ஒருவர் மேடையேறி இரண்டு நிமிடம் பேசலாம் என்றிருந்தது. உயிரோடிருக்கும் எழுத்தாளருக்கு இருபது நிமிடமாம். அதையும் விசாரித்து வைத்திருந்தார்.

இருபத்தைந்து வருஷம் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்கியவர். அந்தக் கதைகளைத்தான் எழுதியிருந்தார். தன் வாயால் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும் என்பது அவர் ஆசை. பேச்சை ஒரு நோட்டில் எழுதி, கடிகாரம் வைத்துப் படித்தும் பார்த்திருந்தார். பத்தொன்பது நிமிடம் வந்ததாம்.

பதிவைத் திறந்தேன். வீரம்மா, 1951–2009. எதிரே நின்றவர் பிறந்தது 1958இல்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஒரே பெயரில் பத்துப் பேர் எழுதுவார்கள். ஒருவரே பத்துப் பெயரில் எழுதுவார். யார் எவர் என்று பிரித்து, ஆளுக்கொரு பெயர்ப்பதிவு போட்டு, அவரவர் புத்தகங்களை அதன்கீழ்க் கொண்டுவர வேண்டும். அப்பா காதர் கிள்ளானில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். கடைக்கு நான்கு மாரியம்மாக்கள் வருவார்கள். எந்த மாரியம்மா பாதி விலையில் ஆரம்பிப்பார், எவர் படியிறங்கிவிட்டுத் திரும்பி வருவார் என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அதே வேலையை நான் குளிர்சாதன அறையில் உட்கார்ந்து செய்தேன், அவ்வளவுதான்.

இரண்டு வருஷத்துக்கு முன் அதை இயந்திரத்திடம் கொடுத்தார்கள். புத்தகத்தின் முதல் சில பக்கங்களைப் படம் பிடித்து ஊட்டினால் போதும். பெயர், பிறந்த வருஷம், இறந்த வருஷம் எல்லாவற்றையும் அதுவே பொறுக்கிப் பதிவை நிரப்பும். மற்ற நூலகங்களின் பதிவுகளோடு கோத்தும் வைக்கும். ஓரிடத்தில் தெரிந்தது எல்லா இடத்திலும் தெரியும் என்று கணினிப் பொறுப்பாளர் கெல்வின் விளக்கினார். ஓரிடத்துப் பொய்யும் அப்படித்தானே என்று கேட்டேன். கெல்வின் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

வீரம்மாவின் புத்தகத்தை எடுத்து மூன்றாம் பக்கத்தைப் பிரித்தேன். நீள்வட்டத்துக்குள் ஒரு மீசைக்காரரின் படம். கீழே: தோற்றம் 1951, மறைவு 2009. அதற்கும் கீழே: கண்ணீருடன், வீரம்மா. படத்திலிருந்தவரின் பெயர் எங்குமில்லை. பக்கத்தில் இருந்த ஒரே பெயர் வீரம்மா. இயந்திரம் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிட்டது. நம்மவர்கள் புத்தகம் போட்டால் முன்பக்கத்தில் படம் வைத்துக் கும்பிடுவார்கள் என்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

"வீட்டுக்காரரா அக்கா?"

"அவுங்கதான்."

வருஷங்களை அழித்துவிட்டேன். இனிக் கவலையில்லை என்று ஒரு தேநீரும் வாங்கிக்கொடுத்து அனுப்பினேன். திங்கட்கிழமை பார்த்தால் மறுபடி செத்திருந்தார்.

கெல்வினிடம் போனேன். இயந்திரம் ஞாயிறுதோறும் மற்ற நூலகங்களோடு ஒப்பிட்டுப் பார்க்குமாம். மூன்று நூலகங்கள் 2009 என்கின்றன, நீங்கள் ஒருவர்தான் வெறுமையாக விட்டிருக்கிறீர்கள், அதனால் திருத்திவிட்டது என்றார். அந்த மூன்றுக்கும் யார் சொன்னது என்று கேட்டேன். தட்டிப் பார்த்துவிட்டு, நாம்தான் என்றார். நான் கிளப்பிய வதந்தியை மூன்று பேர் திரும்ப வந்து எனக்கே சாட்சி சொல்கிறார்கள். இப்படி ஒரு வியாபாரத்தை எங்கள் கடைத்தெருவில்கூடப் பார்த்ததில்லை.

"எழுத்தாளரே வந்து நின்னாங்க கெல்வின். நான் தேநீர் வாங்கிக் கொடுத்தேன்."

"சிஸ்டத்துக்குத் தேநீர் தெரியாது லா. அந்த வருசத்துக்குச் சொந்தக்கார ஆள் ஒருத்தர் வேணும். வீட்டுக்காரர் பேரு குடுங்க, தனிப் பதிவு போட்டு அவர் தலையில கட்டிடலாம். இல்லேன்னா அந்தப் பக்கத்தை எடுத்துட்டு மறுபடி அச்சடிக்கச் சொல்லுங்க."

வீரம்மாவைப் போனில் கேட்டால் சொல்லமாட்டேன் என்றார். நேரில் வந்தும் சொல்லவில்லை. கட்டினவர் பெயரை வாயில் எடுப்பதில்லையாம். புத்தகத்தில் அந்தப் பெயர் இல்லாததே அதனால்தானாம். கல்யாணமாகி முப்பத்தோரு வருஷமும் 'இந்தாங்க' என்றே கூப்பிட்டிருக்கிறார். அவர் போன பிறகும் பழக்கம் போகவில்லை. தோட்டத்தில் வேலை வாங்கும் மண்டோரை எதிர்த்துக் கதை எழுதியவர், மேனேஜரின் பெயரைக்கூட மாற்றாமல் போட்டவர், இதற்கு மட்டும் உதட்டை இறுக்கிக்கொண்டார்.

நானும் பேரத்தில் இறங்கினேன். முழுப்பெயர் வேண்டாம், முதலெழுத்து போதும் என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினார். சொல்ல வேண்டாம், எழுதிக் காட்டுங்கள் என்றேன். பேனாவை மூடி என் பக்கமே தள்ளினார்.

"துணிக்கடைக்கார வீட்டுப் பிள்ளையா நீ?"

"எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"மீட்டர் மீட்டரா இறங்கி வரியே."

கடைசியாகப் பக்கத்தை எடுத்துவிடும் யோசனையைச் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாது. புத்தகத்தை மூடிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"அவுங்களை இறக்கி விட்டுட்டு நான் மேடை ஏறணுமா தம்பி?"

வேறு வழியில்லாமல் நிகழ்ச்சி ஏற்பாட்டாளர் சௌதாவை அழைத்தேன். மனுஷியிடம் பேசினால் இரண்டு நிமிடத்தில் வேலை முடிகிறது. இருபது நிமிடம் தந்துவிடுகிறேன், நாற்காலியும் போட்டுவிடுகிறேன் என்றார். மேடைத் திரையில் வரும் குறிப்பு மட்டும் நேராக நூலகப் பதிவிலிருந்து வருவதால் அவரால் கைவைக்க முடியாதாம். என்னைத் திருத்தித் தரச் சொன்னார். நிகழ்ச்சிக்கு முந்தின நாள், வெள்ளிக்கிழமை மாலை, கடைசி ஆளாக உட்கார்ந்து திருத்தினேன். வெள்ளிக்கும் சனிக்கும் நடுவே ஞாயிறு கிடையாது என்பதுதான் என் கணக்கு.

கெல்வின் கணக்கு வேறாக இருந்தது. இயந்திரம் நன்றாக உழைக்கிறதென்று, ஒப்பிடும் வேலையை அந்த வாரம் முதல் தினசரி ஆக்கியிருந்தார்.

சனிக்கிழமை காலை கிள்ளான் மண்டபத்தில் முந்நூறு பிள்ளைகள். வீரம்மா பச்சைச் சேலையில் நோட்டோடு ஏறினார். பின்னாலிருந்த திரை ஒளிர்ந்தது: வீரம்மா, 1951–2009. முன்வரிசையில் கிசுகிசுப்பு. ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பு பின்வரிசை வரைக்கும் ஓடியது. நான் எழுந்து திரைக்குப் போகும் கம்பியைப் பிடுங்கப் போனேன். எந்தக் கம்பி என்று தெரியவில்லை.

வீரம்மா திரும்பித் திரையைப் பார்த்தார். பிறகு நோட்டை மூடி நாற்காலியில் வைத்துவிட்டு ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"அது என் வருசம் இல்ல பிள்ளைங்களா. என் வீட்டுக்காரர் வருசம். அவுங்க பேரு ராஜன்."

சொன்னதும் நிறுத்தினார். யாராவது அதட்டுவார்கள் என்று எதிர்பார்த்தவர் போல மண்டபத்தைச் சுற்றிப் பார்த்தார். யாரும் அதட்டவில்லை.

"ராஜன்தான் குலை வெட்டுவாரு. நான் பின்னாலேயே போய் உதிர்ந்ததைப் பொறுக்குவேன். அப்படித்தான் இந்தப் புத்தகம் வந்துச்சு" என்று ஆரம்பித்தார். இருபத்தாறு நிமிடம் பேசினார். சௌதா மணியடிக்கவில்லை. திரையில் கடைசிவரை அவர் இறந்தே இருந்தார்.

திங்கட்கிழமை முதல் வேலையாகப் புதுப் பெயர்ப்பதிவைத் திறந்தேன். ராஜன், 1951–2009. உறவு: வீரம்மாவின் கணவர். கெல்வின் கேட்ட ஆள் கிடைத்தாயிற்று, பேரம் முடிந்தது என்றே நினைத்தேன். இயந்திரம் ஆதாரம் கேட்டது. மனைவியே சொன்னார், முந்நூறு பேர் கேட்டார்கள் என்று அடித்தேன். பெட்டி சிவந்தது. அச்சான நூல், அல்லது வேறு நூலகத்தின் பதிவு, இரண்டில் ஒன்றுதான் ஆதாரமாகுமாம். மற்ற மூன்று நூலகங்களையும் போனில் கேட்டேன். நீங்கள் பதிவு போடுங்கள், உங்களைப் பார்த்து நாங்களும் போட்டுவிடுகிறோம் என்றார்கள், மூவரும் ஒரே குரலில்.

அப்பா ஒரு வித்தை சொல்லிக்கொடுத்திருக்கிறார். விலை படியாவிட்டால் வாயை மூடிக்கொண்டு கடையைவிட்டு இறங்கு. நாலாவது அடியில் கடைக்காரனே கூப்பிடுவான். கணினியை அப்படியே விட்டுவிட்டு எழுந்தேன். கதவுவரை ஆறடி நடந்தேன், வேண்டுமென்றே மெதுவாக.

கூப்பிடவில்லை. திரும்பிப் பார்த்தேன். பெட்டி இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது.