பொடி எழுத்தில் இருந்த பெயர்

"ரத்தக் கொதிப்பு உனக்கு வராம வேற யாருக்கு வரும்" என்று சிரித்தவர்தான் என் வீட்டுக்காரர். கடல் தாண்டி, துறைமுகத்தில் கிரேன் பழுது பார்க்கிறார். போய் நாலு வருஷம் ஆகிறது. போனதற்கு ஆயிரம் காரணம் இருந்தது. திரும்பாமல் இருக்க மிச்சமிருந்தது என் மாத்திரை ஒன்றுதான்.

அங்கேதான் நல்ல மருந்து கிடைக்கும் என்று யாரோ அவருக்கு ஓதிவிட்டார்கள். வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற ஆள். யானை விலை குதிரை விலை கொடுத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்சல் அனுப்புவார். ஒவ்வொரு பெட்டியிலும் அவருடைய கோணல் எழுத்தில் "சாப்பிட்ட பிறகு" என்று எழுதியிருக்கும். காலிப் பெட்டிகளைக்கூட நான் எறிந்ததில்லை. துணி அலமாரியில் என் புடவைகளுக்கு இடமில்லை, அவற்றுக்கு இருந்தது. பைத்தியம்தான், வேறென்ன.

போன முறை பார்சல் வர ஒரு மாதம் தாமதமாயிற்று. மாத்திரை தீர்ந்து கொதிப்பு ஏறியதும் இங்கேயே ஒரு டாக்டரம்மாவிடம் போனேன். "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை. அவர் அனுப்புவதை நான் மருந்துக் கணக்கில் சேர்த்ததே இல்லை. அது அவர் அனுப்புவது, அவ்வளவுதான். டாக்டரம்மா ஒன்று எழுதிக் கொடுத்தார். பிறகு பார்சலும் வந்தது. பெயர் வேறு, நிறம் வேறு. இரண்டையும் சாப்பிட்டேன்.

பிடித்தது தலைசுற்றல். தைத்துக்கொண்டிருந்த பள்ளிச் சீருடை மேலேயே ஒரு நாள் சாய்ந்துவிட்டேன். போனில் சொன்னதும் அவர் குரல் உள்ளே போய்விட்டது. "நோய் முத்திடுச்சு போல. செலவு ஏறும். இன்னும் ரெண்டு வருஷம் இருந்துட்டு வரேன்" என்றார். அந்த மாதக் கடைசியில் அவருடைய ஒப்பந்தம் முடிவதாக இருந்தது. வருவார் என்று தலையணை உறைகூடப் புதிதாகத் தைத்து வைத்திருந்தேன். போனை வைத்துவிட்டு, அன்று முழுக்க எதிரே வந்தவர்களையெல்லாம் கடித்துக் குதறினேன்.

மறுவாரம் இரண்டு பெட்டியையும் எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்குப் போனேன். "இதுல எது விலை கம்மி? இன்னொண்ண விட்டுடறேன்" என்றேன்.

கடைக்காரப் பெண் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "அக்கா, ரெண்டையுமா சாப்பிடுறீங்க?"

"பின்ன, பூஜைக்கா வாங்கினேன்?"

அவள் சிரிக்கவில்லை. பெட்டியின் அடியில் விரலை வைத்தாள். "பெரிய எழுத்துல இருக்குறது கம்பெனி வச்ச பேரு. கீழ பொடி எழுத்துல இருக்குறதுதான் மருந்தோட பேரு. ரெண்டுலயும் படிச்சுப் பாருங்க."

படித்தேன். ஒரே பெயர். ஒரே மில்லிகிராம்.

"ஒரே மருந்த ரெண்டு மடங்கு சாப்பிட்டிருக்கீங்க. தலை சுத்தாம என்ன செய்யும்? நீங்களா எதையும் நிறுத்தாதீங்க, டாக்டரையே கேட்டுடறேன்." அங்கேயே போன் போட்டாள். டாக்டரம்மா என்னை வண்டி வண்டியாகத் திட்டினார். ஒன்று போதும், இங்கே விற்கிற மலிவானதே போதும், ஒரு வாரம் கழித்து வந்து காட்டுங்கள் என்றார். அதன் விலை, அவர் அனுப்புவதில் பத்தில் ஒரு பங்கு. கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறோம், அதுவும் கடல் தாண்டி.

கடையை விட்டு இறங்கக்கூட இல்லை. வேலை நேரம் என்றும் பார்க்காமல் அவரைக் கூப்பிட்டு மூச்சுவிடாமல் சொன்னேன். நோய் முற்றவில்லை. மருந்து இங்கேயே கிடைக்கிறது. நம்மால் முடிகிற விலைதான்.

அந்தப் பக்கம் இரும்புச் சத்தத்தை விட்டு அவர் தள்ளி வந்தார்.

"நேத்துதான் கையெழுத்துப் போட்டேன்" என்றார்.

"கிழிச்சுப் போட முடியாதா?"

"முடியாதும்மா. ரெண்டு வருஷம்தானே, கண்ண மூடித் திறக்கறதுக்குள்ள ஓடிடும். உனக்கு ஒண்ணும் இல்லையே, நீ நல்லா இருக்கியே. அது போதும் எனக்கு."

எனக்குப் பின்னால் நாலு பேர் சீட்டோடு நின்றார்கள். கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் சொல்லாததை அவர்கள் எதிரில் சொன்னேன்.

"எனக்குப் போதாதுங்க. எனக்கு நீங்க வேணும்."