பட்டறையில் கொதிக்காத கார்

மே மாதம் பதினான்காம் நாள், செவ்வாய்க்கிழமை, முற்பகல் பதினொன்று நாற்பது. நிழலில் நாற்பத்தொரு டிகிரி, காற்று இல்லை. ஓட்டுநர் உரிம அலுவலகத்தின் பின்புறத் திடலில், எட்டு வடிவப் பாதையின் இரண்டாம் வளைவில், இருபத்திரண்டு ஆண்டுப் பழமையான ஒரு வெள்ளைக் கார் முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருந்தது. அதன் கண்ணாடிகள் நான்கும் இறக்கப்பட்டிருந்தன. உள்ளே ஹீட்டர் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

“டீச்சர், இதை நிறுத்தக் கூடாதா? குக்கருக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கு” என்றார் ஓட்டிக்கொண்டிருந்த பல் மருத்துவர். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு.

“கூடாது டாக்டர். எஞ்சின் சூட்டுல பாதியை நாம வாங்கிக்கலைன்னா மொத்தத்தையும் அதுவே வச்சுக்கும். பாதையைப் பாருங்க.”

மருத்துவர் பாதையைப் பார்த்தார்; ஓட்டுநர் பயிற்சி ஆசிரியை எஞ்சின் சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்த்தார். அது சிவப்புக்குள் நுழைந்ததும் தம் பக்கத்துப் பிரேக்கை மிதித்து, சாவியைத் திருகி எஞ்சினை அணைத்தார். பானெட்டின் இடுக்குகளிலிருந்து ஆவி எழுந்தது.

சுவரோர நிழலிலிருந்து ஆய்வாளர் வந்தார். “மூணாவது தடவை மேடம்.”

“நானும் எண்ணிட்டுத்தான் இருக்கேன் சார்.”

“சாருக்கு இன்னொரு நாள் தேர்வு வச்சுக்கலாம். வண்டிக்கு இருபத்திநாலாம் தேதி, வெள்ளிக்கிழமை, பன்னிரண்டு மணி. அரை மணி நேரம் இதே திடல்ல ஓடணும், ஹீட்டரைத் தொடாம. கொதிச்சா பயிற்சி அனுமதி ரத்து.”

ஆசிரியையின் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளிக்கென்று இருந்தது அந்த ஒரு கார்தான். இரட்டைப் பிரேக் பொருத்திய வேறு வண்டிக்கு வழியில்லை. அனுமதி போனால், பாதி கற்ற பத்தொன்பது பேரும் பதினாறு ஆண்டுகளாக நடந்துவந்த பள்ளியும் அன்றே தெருவில் நிற்க வேண்டியதுதான்.

“நான் க்ளட்ச்சை ரொம்ப மிதிச்சிட்டேனோ?” என்று மருத்துவர் மெல்லக் கேட்டார்.

“உங்ககிட்ட வர்றவங்களுக்குப் பல்லு ஆடினா அது உங்க தப்பா?”

ஆறுதல் பெற்ற மருத்துவர், உதவும் எண்ணத்துடன் பானெட்டின்மேல் கை வைக்கப் போனார். ஆசிரியை அந்தக் கையைத் தட்டிவிட்டார். “நாளைக்கு வேலை செய்யக் கை வேணாமா? நாப்பது நிமிஷம் ஆகட்டும். சூட்டோட ரேடியேட்டர் மூடியைத் திறந்தா மூஞ்சியிலதான் அடிக்கும்.”

நாற்பது நிமிடம் கழித்து ஆசிரியை முதலில் காரின் முன்னாலிருந்த பலகையைக் கழற்றிச் சுவரில் சாத்தினார். மூன்றடி அகலமும் ஒன்றரை அடி உயரமும் கொண்ட மஞ்சள் தகரம் அது. பயிற்சி வண்டி என்னும் அறிவிப்பு, பள்ளியின் பெயர், தொலைபேசி எண் ஆகிய மூன்றையும் தாங்கியது. பெயர்ப்பலகை எழுதுவதைத் தொழிலாகக் கொண்ட அவருடைய கணவர் அதை ஜனவரியில் எழுதித் தந்திருந்தார். பானெட்டின் விளிம்பில் இரு கொக்கிகளால் அது தொங்கியது. ஆகவே அதைக் கழற்றாமல் பானெட்டைத் திறக்க இயலாது.

ஏப்ரல் முதல் மெக்கானிக் தம்மால் ஆனதையெல்லாம் செய்திருந்தார். மூடியை மாற்றினார், ரப்பர் குழாய்களை மாற்றினார், தெர்மோஸ்டாட்டை மாற்றினார், ரேடியேட்டரைக் கழற்றி அடைப்பெடுத்துப் புதுக் கூலன்ட் ஊற்றினார். ஒவ்வொரு முறையும் பட்டறை வாசலில் வெயிலிலேயே அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தார். முள் நடுவைவிட்டு நகர்ந்ததே இல்லை.

“டீச்சரம்மா, உங்க வண்டி என்கிட்ட வந்தா மட்டும் மாமியார் வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை மாதிரி அடக்க ஒடுக்கமா நிக்குது” என்றார் அவர், பதினாறாம் தேதி வியாழக்கிழமை நண்பகலில்.

“இன்னைக்கு அது கொதிக்கிற வரைக்கும் நான் இங்கேருந்து நகர மாட்டேன், தம்பி.”

“அப்ப ராத்திரிக்குப் பாய் எடுத்துட்டு வரச் சொல்லட்டுமா?”

ஆசிரியை பலகையைக் கழற்றிப் பட்டறைக்குள் ஓர் ஓரமாகச் சாத்திவிட்டு, வாசலில் முக்காலி போட்டு உட்கார்ந்தார். கார் ஒரு மணி நேரம் ஓடியது. கொதித்தது அவர் மட்டுமே.

மெக்கானிக் உள்ளே போய்ச் சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்தார். சிறிது நேரத்தில் அவருடைய குரல் எழுந்தது. “யாரு இந்தத் தகரத்தை ஃபேனுக்கு முன்னாடி வச்சது? ஒரு பொட்டுக் காத்து வரல!”

தகரம் நகர்த்தப்படும் ஓசை கேட்டது. உடனே மேசை விசிறியின் காற்று வாசல்வரை வந்து ஆசிரியையின் முந்தானையை அசைத்தது. அவர் எழுந்து நின்றார்.

“தம்பி, அதைக் கொண்டாந்து வண்டியில மாட்டு.”

“எதை?”

“போர்டை.”

பதினோராம் நிமிடத்தில் முள் நடுவைவிட்டுப் புறப்பட்டது. பதினாறாம் நிமிடத்தில் சிவப்பைத் தொட்டது. பலகையைக் கழற்றியதும், வந்த வழியே மெல்லத் திரும்பியது. ரேடியேட்டருக்குக் காற்று நுழைய வேண்டிய திறப்பு முழுவதையும் அந்த மஞ்சள் தகரம் அடைத்துக்கொண்டிருந்தது. எஞ்சின் விசிறி சுழன்றும் இழுப்பதற்குக் காற்றில்லை. கோளாறு காண்பதற்காகப் பானெட்டைத் திறந்தபோதெல்லாம் முதல் வேலையாகப் பலகையைக் கழற்றினார்கள். குற்றவாளியை வெளியே அனுப்பிவிட்டுத்தான் ஒவ்வொரு முறையும் விசாரணை தொடங்கியது.

மெக்கானிக் தலையில் கை வைத்தார். “ரெண்டு மாசமா நானும் கழட்டிக் கழட்டி மாட்டுறேன்... சரி, இதை எழுதினது யாருன்னு தெரியும்ல?”

“தெரியும்.”

“வீட்டுல எப்படிச் சொல்லப் போறீங்க?”

“வாயாலதான். வேற வழி இருந்தா சொல்லு.”

அன்று மாலை, வண்ண டப்பாக்கள் அடுக்கிய சிறிய அறையில், கணவர் தூரிகைகளை மண்ணெண்ணெயில் அலசிக்கொண்டிருந்தார். மனைவி சொன்னதை முழுவதும் கேட்டார்.

“ஜனவரியில மாட்டினது. கொதிக்க ஆரம்பிச்சது ஏப்ரல்ல. அதுவரைக்கும் என் போர்டு என்ன, லீவுல இருந்துதா?”

“அப்ப குளிரா இருந்துச்சுங்க. கிடைச்ச கொஞ்சக் காத்தே போதுமா இருந்துச்சு. வெயில் ஏற ஏறப் பத்தல.”

“ஆக, என் எழுத்துதான் வண்டியைக் கொதிக்க வைக்குது.”

“எழுத்து இல்லைங்க. அது நிக்கிற இடம்.”

அடுத்த இரு நாட்கள் கணவருடைய பேச்சு ‘ம்’ என்னும் ஓரெழுத்தோடு நின்றது. ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் அவரே கார்ச் சாவியை எடுத்து மனைவியிடம் நீட்டினார். “ஓட்டு. நானும் பாக்குறேன்.”

பலகையோடு ஒரு முறை, பலகையின்றி ஒரு முறை, அதே தெருக்களில் அதே வேகத்தில் ஓட்டினார் ஆசிரியை. கணவர் கைக்கடிகாரத்தையும் முள்ளையும் மாறி மாறிப் பார்த்தபடி பக்கத்து இருக்கையில் அமர்ந்திருந்தார். வீட்டு வாசலில் இறங்கியதும் பலகையைக் கையிலெடுத்து நெடுநேரம் நோக்கினார்.

“எழுத்து நல்லாத்தான் இருக்கு.”

“நான் எப்ப இல்லைன்னேன்?”

“இதைக் கூரை மேல நிறுத்திடலாம். ஆனா எழுத்து இன்னும் ரெண்டு விரல் பெருசா இருக்கணும். மேல இருந்தா தூரத்துலேருந்தே பாப்பாங்கல்ல?” என்று சொல்லிக்கொண்டே அவர் அளவுநாடாவைத் தேடினார்.

இருபத்துநான்காம் தேதி, வெள்ளிக்கிழமை, நண்பகல் பன்னிரண்டு மணி. வெயில் நாற்பத்திரண்டு. ஆய்வாளர் பின் இருக்கையில் ஏறிக்கொண்டார். மருத்துவர் ஓட்டினார், ஆசிரியை இரு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார். பத்தாம் நிமிடத்துக்குள் மருத்துவர் எஞ்சினை இரண்டு முறை அணைத்துவிட்டார். இருபத்திரண்டாம் நிமிடத்தில் முள் நடுவைவிட்டு மயிரிழை உயர்ந்தது.

“டீச்சர், ஏறுது” என்றார் மருத்துவர்.

“அது அப்படித்தான் ஏறும். நீங்க வளைவைப் பாருங்க.”

விசிறி சுழலத் தொடங்கும் ஓசை கேட்டது. முள் உயர்ந்த இடத்திலேயே சற்று நின்று, பின் இறங்கியது. முப்பதாம் நிமிடத்தில் ஆய்வாளர் கழுத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினார்.

“வண்டி சரியா இருக்கு.” பிறகு அவர் பார்வை மேலே போனது. “ஆனா இது என்ன மேடம்? பலகை முன்புறத்துல இருக்கணும்னு விதி.”

சுவரோர நிழலில் காத்திருந்த கணவர் முன்வந்தார். “சார், கொஞ்சம் அந்த வாசல்கிட்டப் போய் நின்னு பாருங்க. படிக்க முடியுதா?”

ஆய்வாளர் போய் நின்றார். பள்ளியின் பெயரை வாய்விட்டுப் படித்தார். தொலைபேசி எண்ணையும் படித்தார். “நல்லாவே தெரியுது. ஆனா கூரையும் முன்புறம்தானான்னு நான் முடிவு பண்ண முடியாது. எழுதிக் கொடுங்க, மேலதிகாரிகிட்ட வைக்கிறேன்.”

ஆசிரியை ஒரு பக்கத்தில் எழுதினார். திடலில் நிகழ்ந்ததையும் பட்டறையில் கண்டதையும் கூட்டாமல் குறைக்காமல் எழுதி, அடித்தல் திருத்தல் இன்றிக் கொடுத்தார். மணி ஒன்று ஆகப் பத்து நிமிடம் இருந்தது. பிறகு மூவரும் தாழ்வாரத்து நீள இருக்கையில் அமர்ந்தனர். தாள் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போவதைத் திறந்த கதவின் வழியே பார்க்க முடிந்தது. மூன்றாவது மேசையில் அது வெகுநேரம் தங்கியது.

“உங்க போர்டுக்காக ஒரு அலுவலகமே யோசிக்குது” என்றார் மருத்துவர்.

“நல்ல போர்டுன்னா அப்படித்தான்” என்றார் கணவர்.

நான்கு முப்பத்தைந்துக்கு ஆய்வாளர் ஒரு தாளோடு வெளியே வந்தார். மூவரும் எழுந்தனர். அவர் நின்றபடியே படித்தார்: கூரைமேல் நிறுத்திய பலகை வண்டியின் முன்னிருந்து தெளிவாகத் தெரிவதால் அது விதிக்கு உட்பட்டதே, எஞ்சின் வெப்பச் சோதனையில் வண்டி தேறியது, பயிற்சி அனுமதி ஓராண்டுக்கு நீட்டிக்கப்படுகிறது.

“என்னோட தேர்வு சார்?” என்றார் மருத்துவர்.

“ரெண்டு தடவை எஞ்சினை அணைச்சீங்க. அடுத்த வாரம் வாங்க சார். வண்டிதான் இருக்கே.”

“கையெழுத்து?” என்று கேட்டார் ஆசிரியை.

ஆய்வாளர் தாளைத் திருப்பி அடிப்பகுதியைக் காட்டினார். மேலதிகாரியின் பச்சை மைக் கையெழுத்தும், அதன் கீழ் அன்றைய தேதியும் இருந்தன. வண்டி எண்ணை ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கும்வரை ஆசிரியை கை நீட்டவில்லை. எண் சரியாக இருந்தது. அவர் தலையசைத்தார், ஆய்வாளர் தாளை அவர் கையில் கொடுத்தார்.