சந்தையிலிருந்து தனியாக

எனக்குப் பதினாறு வயது, கண் தெரியாது. தலைநகர் பிஷ்கெக்கில் கணினிப் படிப்புக்கு இடம் கிடைத்துவிட்டது. அம்மாதான் அனுப்பமாட்டேன் என்று ஒற்றைக் காலில் நின்றாள். ஒரு மாதம் மல்லுக்கட்டிய பிறகு கொஞ்சம் இறங்கி வந்தாள். எங்கள் ஊரான ஓஷின் சந்தையிலிருந்து யார் கையையும் பிடிக்காமல் ஒருமுறை வீடு வந்து சேர்ந்தால் அனுப்புவதாகச் சொன்னாள். தான் வீட்டைவிட்டு அசைவதில்லை என்று ரொட்டியின்மேல் கைவைத்துச் சத்தியமும் செய்தாள்.

மாமா என்னைச் சந்தை வாசலில் இறக்கிவிட்டுப் போனார். வந்து நின்ற ஒவ்வொரு பயணிகள் வேனுக்கும் நேராகப் போனைத் தூக்கிப் பிடித்தேன். கேமரா வேனின் தட எண்ணைப் படித்து இயர்போனில் கடகடவென்று சொன்னது. அந்த வேகம் கண் தெரியாத எங்களுக்குத்தான் புரியும். பேட்டரி சீக்கிரம் தீராமலிருக்கத் திரையைக் கறுப்பாகவே வைத்திருப்பேன். பக்கத்தில் நின்ற பெண் பரிதாபப்பட்டாள்.

"உன் போனு செத்துக் கெடக்கேம்மா. அதைப் போயி தூக்கிக் காட்டிட்டிருக்கியே!"

"எனக்கு அது உயிரோடதான்க்கா இருக்கு," என்று சொல்லிவிட்டு எங்கள் வேனில் ஏறினேன்.

நிறுத்தச் சொல்லிக் குரல் கொடுத்தால்தான் எங்கள் வேன்கள் நிற்கும். போனிலிருந்த வரைபடம் தூரத்தைச் சொல்லிக்கொண்டே வந்தது. இணையம் சரியாக இருக்கிறதா என்று திரையின் மேல்பக்கம் விரலை வைத்தேன். 'வைஃபை: குல்சைரா' என்றது. குல்சைரா என் அம்மா. வீட்டில் அவள் போனிலிருந்துதான் எனக்கு வைஃபை; வெளியே என் சிம்தான். அதை அணைக்க அவளுக்கு இன்றுவரை தெரியாது. சில அடி தூரத்துக்குத்தான் அது எட்டும். ஆக, அதே வேனில் எங்கோ பின்னால் உட்கார்ந்திருக்கிறாள்!

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. மனதுக்குள் அவளைத் திட்டித் தீர்த்ததில் போன் சொன்ன எதுவும் காதில் ஏறவில்லை. கவனம் திரும்பியபோது எங்கள் தெரு எண்ணூறு மீட்டர் பின்னால் போயிருந்தது. போச்சு, பிஷ்கெக்கும் போச்சு!

"அண்ணே, நிறுத்துங்க," என்றேன். கோலைத் தட்டிக்கொண்டு திரும்பி நடந்தேன். சாலையோரம் நெடுக மூடாத வாய்க்கால். ஓரிடத்தில் கால் விளிம்பில் சறுக்கியது. பின்னால் வந்த செருப்புச் சத்தம் சட்டென்று நின்றது. யாரும் கிட்டே வரவில்லை. கோலை ஊன்றி நானே நிமிர்ந்தேன். வீட்டுக் கதவைத் தொட்ட பிறகுதான் பின்பக்கம் திரும்பி வாயைத் திறந்தேன்.

"வேன்லதானேம்மா இருந்தே? நம்ம தெரு போயிடுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

அம்மா மூக்கை உறிஞ்சினாள்.

"பிஷ்கெக்ல யாருடி சொல்லுவா உனக்கு?"

கோபத்தோடுதான் அவள் கையைப் பிடித்தேன். கட்டைவிரலுக்குக் கீழே, சதையில், அவள் பல்லே பதிந்த குழிகள் வரிசையாக என் விரலில் பட்டன.