அடி வாங்கிய கல்

1
இந்தக் கதை மேசன் இப்றாஹிமுடையது. என் குளியலறைக்கு மாபிள் பதிக்க வந்தவர், சாய்ந்தமருதில் ஒரு வீட்டு அத்திவாரத்துக்குள் வானத்துக் கல்லை வைத்துக் கட்டிய கதையைப் போகிறபோக்கில் சொன்னார். அதற்குப் பிறகு கதை கேட்டுக் கேட்டு அவரை நான் வேலை செய்ய விடவில்லை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'அக்கினிக் கோளமொன்று வானத்தைக் கிழித்துக்கொண்டு...'

வேண்டாம். அந்தக் கல்லுக்குச் சொந்தக்காரி மர்ஷூதா வாசித்தால் சிரிப்பாள்.

2
மர்ஷூதா பல்கலைக்கழகத்தில் கற்களை ஆராய்பவள். இந்தியாவில், விண்கல் மோதிய லோனார் பள்ளத்திலிருந்து அவளுக்கு ஒரு கறுப்புக் கல் வந்திருந்தது. ஒன்றே ஒன்று. அதில் மெல்லிய சீவலொன்றை வெட்டியெடுத்தாள். மீதியைத் தேய்த்துக் கழுவி, வீட்டுக் கிணற்றுக்கட்டில் காயவைத்துவிட்டு ஆய்வுகூடத்துக்குப் போனாள்.

சும்மா கல்லென்றால், நுணுக்குக்காட்டியில் சீவலைச் சுழற்றச் சுழற்ற அதிலுள்ள பெல்ஸ்பார் என்ற கனிமம் மினுங்கி மினுங்கி அணையும். மோதலின் அதிர்ச்சியில் உருகாமலேயே கண்ணாடியாகிப் போயிருந்தால், எந்தப் பக்கம் திருப்பினாலும் இருட்டுத்தான்.

திருப்பினாள். இருட்டு. இன்னும் திருப்பினாள். கும்மிருட்டு. அல்ஹம்துலில்லாஹ் என்று எழுந்தேவிட்டாள். இருட்டைப் பார்த்து இவ்வளவு சந்தோசப்பட்ட ஒருத்தியை நான் இதுவரை எழுதியதில்லை.

இனி மீதிக் கல்லைப் பொடியாக்கி, விண்கல் விட்டுப்போன நிக்கல் அதில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். வீடு திரும்பும் பஸ் நிந்தவூர் தாண்டியும் அவள் தனியே சிரித்துக்கொண்டிருந்தாள்.

3
(எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து சேருவார். அன்று மர்ஷூதாவின் வீட்டுக்கு அத்திவாரம். துஆ ஓதி, வீட்டார் ஆளுக்கொரு கல் வைப்பார்கள். வேலைக்குப் போன மகளின் பங்கை உம்மாதான் வைக்கவேண்டும். கற்குவியலில் கிடந்ததிலெல்லாம் மண்ணும் சேறும். கிணற்றுக்கட்டில் மட்டும் ஒரு கல், பளிச்சென்று.)

4
முதற் பிரதியில் உம்மா ஸம்ஸியா ஒன்றும் தெரியாத அப்பாவி. கல் எங்கே என்று மகள் கேட்டதும் தலையிலடித்து அழு...

அந்த ஸம்ஸியாவைப் பேனாவால் அடித்துவிட்டேன். இப்றாஹிம் சொன்ன ஸம்ஸியா அழவேயில்லை.

"சுத்தமான கல்லாப் பாத்துத்தான் வெச்சன் மகள். வானத்துல இருந்து வந்ததெண்டா இன்னும் பறக்கத்துத்தானே, வீட்டுக்கு நல்லது."

"அது விழுந்த கல் இல்ல உம்மா. விண்கல் விழுந்து அடி வாங்கின கல்."

"அவ்வளவு பெரிய அடி வாங்கியும் உடையல்லயா?"

"ஓம், உடையல்ல."

"அப்ப அத்திவாரத்துக்கு இதவிட நல்ல கல்லு எங்க கிடைக்கும்?"

படித்த பிள்ளைக்குச் சிரிப்புத்தான் வந்தது. உம்மாவுக்கும் தொற்றிக்கொண்டது.

5
ஒரு முடிவு: கல்லை எடுக்கிறார்கள். நிக்கல் அகப்படுகிறது, ஆய்வுக் கட்டுரை வருகிறது. உம்மாவும் வேறொரு கல்லைத் தேய்த்துக் கழு...

இன்னொன்று: விடுகிறார்கள். வீடு எழும்புகிறது, மாப்பிள்ளை வருகிறார், சீவலொன்று மட்டும் அவள் மேசையில்.

உண்மையில் நடந்ததைச் சொல்ல இப்றாஹிம் வாயெடுத்தார். தேத்தண்ணியைக் கையில் கொடுத்துத் தடுத்துவிட்டேன். ஆகவே கதைக்குள் அவர் இன்னும் அத்திவாரக் குழியோரம்தான் நிற்கிறார், கையில் கல் நெம்பும் அலவாங்கோடு. கொங்கிறீட் இறுகவில்லை. உம்மாவும் மகளும் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைக்கிறார்கள். அவர்களிடம் கேட்டுப் பயனில்லை என்று கண்டு, உங்கள் பக்கம் திரும்புகிறார்.

"எடுக்கட்டா, விடட்டா?"