இன்ஸ்பெக்டரின் சொந்தக்காரர்கள்

அட்டன் மதுவரி இன்ஸ்பெக்டர் ஜோர்ஜுக்கு நாக்கில் சிங்களம் தண்ணீராய் ஓடும். தாளில் கண்டால் மட்டும் கண்ணைக் கட்டிவிடும். இங்கிலீஷில் படித்து உத்தியோகத்துக்கு வந்த மனுஷன். கந்தோருக்கு வரும் அரசாங்கக் கடிதமெல்லாம் சிங்களமாகிப்போன நாளிலிருந்து வாசிப்பதும் எழுதுவதும் மகள் டோரீன்தான். அவர் கையெழுத்து மட்டும் போடுவார், அதையும் வெகு மிடுக்காகப் போடுவார்.

எழுபத்தெட்டு மார்ச்சில் கொழும்பிலிருந்து ஒரு சிங்களப் படிவம் வந்தது. மதுவரி உத்தியோகத்தரின் சொந்தபந்தம் எவரும் அவருடைய பகுதியில் மது வியாபாரத்தில் இருக்கக் கூடாதாம். இருந்தால் பெயரை எழுத வேண்டும். ஒன்று அந்த ஆள் விலக வேண்டும், இல்லாவிட்டால் உத்தியோகத்தருக்கு இடமாற்றம்.

டோரீன் அதை இரண்டாம் தரமும் வாசித்தாள். டவுனில் ஒரு சாராய ஏஜென்சியில் ஐந்து வருடமாக அவள் சிங்கள டைப்பிஸ்ட். வீடு அட்டனிலேயே இருந்தாலும், அப்பா பக்கத்துப் பகுதியிலிருந்து இங்கே மாற்றலாகி வந்ததோ போன வருடம்தான்.

"பொம்பளப் புள்ள வேலதானே, விட்டுத் தொலை," என்றார் ஜோர்ஜ். "மக வேலைய விட்டுட்டான்னு எழுது. கையெழுத்து வச்சுத் தாறேன்."

"அப்ப மாமா?"

மாமா என்பது அம்மாவின் தம்பி அந்தோனிமுத்து. அப்பாவின் பகுதிக்குள்ளேயே, கொட்டகலையில் கள்ளுத் தவறணை நடத்துகிறவர். ஞாயிறு பூசை முடிந்ததும் அவரிடமிருந்து வீட்டுக்குப் போத்தல் வந்துவிடும்.

"அவன் எப்படி எனக்குச் சொந்தமாவான்? பொண்டாட்டி வழியில வந்தவன்!"

அடேயப்பா! பெற்ற மகள் சொந்தம், போத்தல் அனுப்பும் மச்சான் அந்நியன். டோரீனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேனாவை எடுத்தாள். மகள் டோரீன், ஏஜென்சி. மைத்துனர் அந்தோனிமுத்து, தவறணை. வேலையை விட்டதாக ஒரு எழுத்துக்கூட எழுதவில்லை. ஜோர்ஜ் மிடுக்காகக் கையெழுத்துப் போட்டார்.

மூன்று வாரம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தன்னைத்தான் விலகச் சொல்வார்களோ என்று பயந்து செத்தாள்.

பதில் வந்தது. அப்பாவுக்கு முன்னால் நின்று, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் தமிழில் சொன்னாள். இரண்டு பேரை விலக்குவதைவிட ஒருவரை மாற்றுவது லேசு என்பதால், ஜோர்ஜ் முதலாம் திகதி வெலிமடைக்குப் போக வேண்டும். உறவென்றும் பாராமல் உண்மையை எழுதிய நேர்மைக்குத் திணைக்களத்தின் பாராட்டு.

ஜோர்ஜின் முகம் சிவந்தது. பாராட்டுக் கடிதத்தைக் கிழிக்கவும் முடியவில்லை.

"அடிப் பாவி! நீ எனக்கு மகளா, டிப்பார்ட்மெண்டுக்கு மகளா?"

"உங்க மகதான் டாடி. அந்த ஒரு குத்தத்துக்குத்தானே வேலைய விடச் சொன்னீங்க?"

 ஜோர்ஜ் பரணிலிருந்த டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னார்.