குழாயில் மூணு தடவை

எனக்கு வாய் அதிகம்னு தெருவே சொல்லும். சொல்லட்டும். காது மந்தமான மனுஷனோட இருபத்திரெண்டு வருஷம் குடும்பம் நடத்திப் பாருங்க, உங்களுக்கும் வாய் தானா நீளும்.

எங்க வீட்டுக்காரருக்கு லேத் வேலை. நாலு மாடிக் கட்டடம், அதுக்கு அடியில பாதி மண்ணுக்குள்ள இருக்கிற அறைதான் அவர் பட்டறை. குடியிருந்தது மூணாவது மாடி. லேத் சத்தத்துலயே காது பாதி போயிடுச்சு. போன் அடிச்சா கேக்காது. மாடிப்படியில நின்னு கத்தினா தெருவுல போறவன்தான் திரும்பிப் பார்ப்பான்.

அதனால நாங்களே ஒரு வழி பண்ணிக்கிட்டோம். கீழ மோட்டார்லருந்து மொட்டை மாடித் தொட்டிக்குப் போற இரும்புக் குழாய், அவர் மேஜையை ஒட்டி ஏறி என் அடுப்படி வழியாப் போகும். மணி ஒண்ணானா கரண்டியால மூணு தட்டு தட்டுவேன். சாப்பாடு தயார். அவர் முழங்கை அந்தக் குழாய்ல பட்டுக்கிட்டே இருக்கும், காதுல விழாதது கையில தெரிஞ்சுடும். பதிலுக்கு ஒரு தட்டுன்னா ‘வர்றேன்’. ரெண்டுன்னா ‘அப்புறம்’. நம்பினா நம்புங்க, இத்தனை வருஷத்துல முதல் தடவையே ஒரு தட்டு வந்த நாள் கிடையாது. டண் டண். அப்புறமாம்!

பூமி ஆடுறதுக்கு ரெண்டு நாள் முன்னாடி எனக்குப் பொறுமை போயிடுச்சு. “மூணு தரம் சூடு பண்ணி வைக்க நான் என்ன சம்பளத்துக்கா இருக்கேன்? இனிமே தட்டமாட்டேன். பசிச்சா வாங்க”ன்னேன். “சரி”ன்னார். அத்தோட பேச்சு நின்னுது. நானும் தட்டல, அவரும் மேல வரல. சாயங்காலம் வந்து, ஆறிப்போனதை வாயைத் திறக்காமத் தின்னுட்டுப் படுத்துக்குவார். வீம்புன்னா அப்படி ஒரு வீம்பு. எனக்கு மட்டும் குறைச்சலா என்ன?

மூணாவது நாள், மணி ஒண்ணுக்கு வீட்டுல இருந்தாத்தானே கை கரண்டியைத் தேடும்னு, சாப்பாட்டை மூடி வச்சுட்டு பன்னெண்டரைக்கே சோப்பு வாங்கக் கிளம்பிட்டேன். ஒண்ணேகாலுக்குக் காலுக்கடியில தரை நழுவுச்சு. தெரு முனையில மருந்துக்கடைச் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். தூசி அடங்கித் திரும்பிப் பார்த்தா, எங்க கட்டடம் இருந்த இடத்துல வானம் தெரியுது.

தீயணைப்புக்காரங்க வந்து முதல்ல கேட்டது, யார் யார் எங்க இருந்திருப்பாங்கன்னுதான். மத்த வீட்டுக்காரங்க வேலைக்குப் போயிருந்தாங்க, இல்லைன்னா தெருவுக்கு ஓடி வந்துட்டாங்க. கணக்குல வராதது எங்க வீட்டுக்காரர் ஒருத்தர்தான். பக்கத்துல நாத்தனார் தலைவிரி கோலமா நிக்கிறா. “எங்க அண்ணன் மணி ஒண்ணுக்கு டாண்னு சாப்பிட வந்துடுவாரே, அண்ணி”ங்கிறா. தீயணைப்புக்காரர் என் மூஞ்சியைப் பார்க்கிறார்.

“அடுப்படியில. சாப்பிட்டுக்கிட்டு இருந்திருப்பார்”னு சொன்னேன்.

பொய்னு முழுசாச் சொல்லமாட்டேன். வெட்கம் பாதி. சண்டை போட்டு, புருஷனைப் பசியில விட்டுட்டுக் கடைக்குப் போனேன்னு எந்த வாயால சொல்றது? மீதிப் பாதி ஆசை. வீம்பை விட்டுட்டு இன்னிக்காவது தானா மேல ஏறி வந்திருப்பார்னு ஒரு ஆசை.

மறுநாள் காலையில வெளிநாட்டுக் குழு வந்து இறங்குச்சு. ஆரஞ்சு உடுப்பு, தலையில விளக்கு, ரெண்டு நாய், பெட்டி பெட்டியாக் கருவி. தலைவி ஒரு பொம்பளை, ஆறடிக்குக் குறையாது. நான் மனசுக்குள்ள நெட்டையம்மான்னு பேர் வச்சுட்டேன். அவங்க பேசுறதை எடுத்துச் சொல்ல வந்தவர் யாருன்னு நினைக்கிறீங்க? மருந்துக்கடைக்காரர். காலையில ஒரு வீட்டுல தும்மினா, சாயங்காலத்துக்குள்ள நாலு தெருவுக்கு அதைச் சொல்லி முடிச்சிருப்பார்.

நெட்டையம்மா ஒரு பலகையில கட்டடத்தை மாடி மாடியா வரைஞ்சு, சட்டைப் பொத்தான் அளவு சிவப்பு வட்டம் ஒண்ணை என் கையில குடுத்தாங்க. அவர் இருந்த இடத்துல ஒட்டணுமாம். மூணாவது மாடி அடுப்படியில ஒட்டினேன்.

அன்னிக்குப் பூரா, நான் ஒட்டின அந்த வட்டத்தைத் தேடித்தான் தோண்டினாங்க. அப்பப்போ விசில் ஒண்ணு நீளமா ஊதும். உடனே தெருவே மூச்சைப் பிடிச்சுக்கும். ஜெனரேட்டரை நிறுத்திடுவாங்க, சம்மட்டியைக் கீழ வச்சுடுவாங்க, ஒருத்தர் காதுல கருவியை மாட்டிக்கிட்டு, உள்ள விட்ட வயர் வழியாக் கேப்பார். தலையை ஆட்டுவார், இல்லைன்னு. மறுபடி சத்தம் ஆரம்பிக்கும்.

சாயங்காலம் நாலு மணிக்கு நெட்டையம்மா என்கிட்ட வந்தாங்க. கையில என் பாத்திரம். ஒரு பக்கம் நசுங்கி மூடி உள்ள சிக்கிக்கிட்டு இருந்தது.

“இது உங்களுதான்னு கேக்கறாங்க”ன்னார் மருந்துக்கடைக்காரர். “அடுப்படிக்குப் போயிட்டாங்களாம். தரைக்கும் கூரைக்கும் நடுவுல ஒரு சாண்தான் இருக்காம். ஆனா அங்க யாருமே இல்லையாம். வேற தெருவுல குரல் கேக்குதாம், குறி போட்டுட்டு அங்க போறாங்களாம்.”

ஒருத்தர் பெயிண்டை எடுத்துக்கிட்டு, மிச்சமிருந்த சுவர்ப் பக்கம் நடந்துக்கிட்டு இருந்தார். தேடி முடிச்சாச்சு, ஆள் இல்லைன்னு எழுத. நான் மூடியை நெம்பித் திறந்தேன். வச்ச சோறு வச்ச மாதிரியே இருந்தது. ஒரு பருக்கை குறையல.

மனுஷன் மேல வரவே இல்ல. என் பேச்சை நம்பி ஒரு நாள் முழுக்கத் தப்பான இடத்துல தோண்டியிருக்காங்க.

“நில்லுங்க!”ன்னு கத்தினேன். பெயிண்டுக்காரர் பாஷை தெரியாமலே நின்னுட்டார். “அவர் பட்டறையிலதான் இருக்கார். எங்களுக்குள்ள சண்டை. ரெண்டு நாளாப் பேச்சு இல்ல. நான் சாப்பிடக் கூப்பிடல, வேணும்னுதான் வெளிய போனேன். நேத்து நான் சொன்னது தப்பு.”

நாத்தனார் வாயைப் பொத்திக்கிட்டா. மருந்துக்கடைக்காரர் முகத்துல ஈயாடல.

“என்னத்துக்கு முழிக்கிறீங்க? ஒரு வார்த்தை விடாமச் சொல்லுங்க. நாளைக்கு ஊருக்குச் சொல்லப் போறதை இன்னிக்கு அவங்களுக்குச் சொல்லுங்க!”

சொன்னார். குழாய்ல தட்டிக் கூப்பிடுற விஷயத்தையும் நான் சொல்லச் சொல்ல, சேர்த்துச் சொன்னார். நெட்டையம்மா என்னைத் திட்டுவாங்கன்னு நினைச்சேன். அவங்க பலகையை நீட்டி, அடுப்படியில இருந்த சிவப்பு வட்டத்தை நகத்தால உரிச்சு என் கையிலயே குடுத்தாங்க. நான் அதைக் கொண்டுபோய் அடியில, பட்டறையில ஒட்டினேன்.

குழாய் வளைஞ்சு நெளிஞ்சு, இடிபாட்டுக்கு வெளிய ஒரு முழம் நீட்டிக்கிட்டு இருந்தது. உள்ள எங்க அறுந்திருக்கோ, யாருக்குத் தெரியும்? விசில் ஊதுச்சு. தெரு அடங்குச்சு. என் கையில ஒரு ஸ்பேனரைக் குடுத்தாங்க.

டண், டண், டண்.

கருவிக்காரர் தலையை ஆட்டினார். மறுபடி தட்டினேன். ஒண்ணுமில்ல. நெட்டையம்மா கடிகாரத்தைப் பார்த்தாங்க. இந்த மனுஷனை முதல் தடவை கூப்பிட்டு வந்தார்னு சரித்திரமே இல்லையேன்னு மூணாவது தடவை தட்டினேன். “ரெண்டுன்னாலும் தட்டித் தொலைங்க, சாமி! அப்புறம்னாவது சொல்லுங்க”ன்னு வாய் தானாப் புலம்புச்சு.

டண்.

என் உள்ளங்கையிலதான் முதல்ல தெரிஞ்சுது. கருவிக்காரர் கையைத் தூக்கினார். நெட்டையம்மா இன்னொரு தரம்னு விரலைக் காட்டினாங்க. தட்டினேன். மறுபடியும் ஒண்ணு.

“ஒண்ணுன்னா என்னன்னு கேக்கறாங்க”ன்னார் மருந்துக்கடைக்காரர்.

“வர்றேன்னு அர்த்தம்”னு சொல்லிட்டு, அந்த மண்ணுலயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். நாத்தனார் வந்து என்னைக் கட்டிக்கிட்டா.

பக்கத்துக் கட்டடத்துப் படிக்கட்டு வழியா இறங்கி, சுவரைக் குடைஞ்சு, கட்டை கட்டையா முட்டுக் குடுத்து, அவரை வெளிய எடுக்கப் பொழுது விடிஞ்சு வெயிலும் ஏறிடுச்சு. தூக்குப் படுக்கையில, தலை முதல் கால் வரை சிமெண்ட் பூசின மாதிரி வந்தார். வலது கால் ரெண்டு இடத்துல முறிஞ்சிருந்தது. லேத் மேஜைக்கு அடியில மாட்டிக்கிட்டு, மயங்குறதும் முழிக்கிறதுமா, அந்தக் குழாயைத்தான் பிடிச்சுக்கிட்டுக் கிடந்திருக்கார்.

என்னைப் பார்த்தார். காது மந்தம் பாருங்க, ரகசியம் பேசினாலும் தெருவுக்கே கேக்கும்.

“அன்னிக்கு நான்தான்டி முதல்ல தட்டினேன். ஒரு மணிக்கு. மூணு தட்டு. நீ பதில் தட்டல. கோவம் தீரலையாக்கும்னு அங்கயே உட்கார்ந்துட்டேன்.”

எனக்குப் பேச்சு வரல. எனக்கு! நான் வீட்டுல இருந்திருந்தா பதில் தட்டியிருப்பேன். அவர் மேல வந்திருப்பார். ரெண்டு பேரும் அந்த ஒரு சாண் அடுப்படியில இருந்திருப்போம். இப்போ என் சண்டைக்கு நன்றி சொல்றதா, செருப்பால அடிச்சுக்கிறதான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

ஆம்புலன்ஸ்ல ஏத்த நாலு பேர் தூக்கினாங்க. ஸ்பேனர் இன்னும் என் கையிலதான் இருந்தது. படுக்கையோட இரும்புக் கம்பியில, அவர் முழங்கை பட்டுக்கிட்டு இருந்த இடத்துக்குப் பக்கத்துல, ஒரே ஒரு தட்டு தட்டிட்டு, நானும் ஏறி உட்கார்ந்தேன்.