முழங்கை வைத்த இடம்

திரையில் புகையின் ஓரத்தைக் கோடாக இழுத்துக்கொண்டிருந்தபோது அம்மாவின் அழைப்பு வந்தது.

"உங்க அப்பா கேக்கிறார். ஜன்னலைத் திறக்கலாமா?"

தினமும் காலையில் நடக்கிற விசாரணைதான். மலைக்காடு பற்றி எரியத் தொடங்கியதிலிருந்து அந்த வீட்டு ஜன்னலுக்கு மகள்தான் அதிகாரி. செயற்கைக்கோள் படங்களை வரிசையாக ஓட்டிப் பார்த்து, புகை எந்தப் பக்கம் நகர்கிறது என்று சொல்வது அவள் வேலை. அப்பா அவளுக்கு வைத்த பெயர் புகைக்காரி. பாதி ஆயுசு பஸ் ஓட்டியவர் அவர். ஓட்டுநர் ஜன்னலில் முழங்கையை வைத்தே ஊரைச் சுற்றியதில் ஒரு கை மட்டும் கறுத்துப் போயிருந்தது. இப்போது நுரையீரல் கெட்டு, புகை நுழையாதபடி ஜன்னல் விளிம்பெல்லாம் ஒட்டுநாடா ஒட்டிய அறைக்குள் அடைந்து கிடந்தார்.

அவள் படங்களை மறுபடி ஓட்டினாள். விடிந்ததிலிருந்து ஊரின் மேல் மெல்லிய சாம்பல் நிறம். மேகம் இல்லை, புகையேதான். ஆனால் மேலிருந்து எடுத்த படத்தில் அது எந்த உயரத்தில் நிற்கிறது என்பது தெரியாது. அதற்குத் தரையில் காற்றை அளக்கும் கருவியைக் கேட்க வேண்டும். அவர்கள் ஊர்க் கருவி சில நாளாகப் பழுது.

"வேணாம்மா. ஊர் மேல புகை நிக்குது."

போனை அப்பா வாங்கிக்கொண்டார். "ஏ புகைக்காரி." மூச்சு வாங்கியது. "கையை மட்டும் வெளிய வச்சுக்கிறேனே. மூக்கு உள்ளயே இருக்கட்டும்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ரெண்டும் ஒரே ஆளோடதுதானேப்பா. நாளைக்குப் பாக்கலாம்."

"சரி, நாளைக்கு" என்றார்.

மதியத்துக்குள் போய்விட்டார்.

அவள் அப்பா வீட்டுத் தெருமுனையில் இறங்கியபோது வெயிலில் கண் கூசியது. தரையில் அவள் நிழல் வெட்டி வைத்தாற்போல் கிடந்தது. பக்கத்து வீட்டுக் கொடியில் காலையில் போட்ட வெள்ளைப் போர்வை காய்ந்துகொண்டிருந்தது. இழுத்து மோந்து பார்த்தாள். சோப்பு வாசனை மட்டும்தான். புகை எங்கோ உயரத்தில் கடந்து போயிருக்கிறது, கீழே ஒரு பொட்டுகூட இறங்கவில்லை. ஐயோ, கையை மட்டும் என்று கெஞ்சினாரே மனுஷர்.

அறையில் மார்புவரை போர்த்திப் படுக்க வைத்திருந்தார்கள். கூடத்தில் உறவுக்காரர்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவள் அந்தக் கறுத்த கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நிமிர்ந்தபோது ஜன்னல் கண்ணில் பட்டது. அவள் நூல் பிடித்தாற்போல் ஒட்டியிருந்த நாடா இப்போது கோணலும் சுருக்கமுமாக இருந்தது.

"அம்மா, இதை யாரு பிரிச்சது?"

அம்மா கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"நான்தான். நீ வேணாம்னுதான் சொன்னே. போனை வச்சுட்டு என்னையே பாத்துக்கிட்டிருந்தார். மனசு கேக்கலைடி. நாற்காலியை இழுத்துப் போட்டு உக்கார வச்சேன். அப்புறம்... எல்லாம் முடிஞ்சதும் பயந்துபோய் மறுபடி ஒட்டிட்டேன்." மகளின் தோளைப் பற்றினாள். "உண்மையைச் சொல்லு. அந்தப் புகைதான் அவரைக் கொண்டுபோச்சா? நான்தான் காரணமா?"

"இல்லம்மா. கீழ புகையே இல்லை. எல்லாம் உசரத்துல போயிடுச்சு. நான்தான் தப்பாச் சொல்லிட்டேன்."

"என் மனசு ஆறணும்னு சொல்றியா?"

"பக்கத்து வீட்டுப் போர்வையை மோந்துட்டு வந்து சொல்றேன். வேணும்னா நீயே போய்ப் பாரு."

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தாள். அதன்பிறகுதான் அழுதாள்.

"என்ன பண்ணினார்?" என்று மகள் கேட்டாள்.

"வேறென்ன பண்ணுவார்? கையை வெளிய வச்சுக்கிட்டு தெருவை அதட்டினார். சைக்கிள்ல போனவனை ஓரமாப் போகச் சொன்னார். அவன் நிஜமாவே ஓரமாப் போனான்."

அழுகைக்கு நடுவே இருவருக்கும் சிரிப்பு வந்தது. அந்த அதட்டலை இன்னும் ஒரே ஒரு தடவை கேட்டுவிட மாட்டோமா என்று மகளுக்கு ஏக்கமாக இருந்தது.

அவள் நாடாவை மெல்ல உரித்து ஜன்னலைத் திறந்தாள். வெளிவிளிம்பில் போன வாரங்களின் சாம்பல் படிந்து கிடந்தது. அம்மா பழக்கதோஷத்தில் துடைக்கத் துணியோடு எழுந்து வந்தாள். மகள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

சாம்பலின் நடுவே, ஒரு முழங்கை அளவுக்கு, விளிம்பு சுத்தமாக இருந்தது.